நாலாவது கை

உங்க மடியில இருக்குற கட்டு கல்யாணப் பத்திரிகதானே? மூலையில மஞ்சள் தெரியுதே, அதான் கேட்டேன். யாருக்கு, தங்கச்சிக்கா? சந்தோசம் தம்பி, நல்லபடியா நடக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. பத்திரிக குடுக்குறது ஒரு வேலையே இல்ல. வந்தவங்கள எங்க உக்கார வைக்கிறது, யாரு பக்கத்துல உக்கார வைக்கிறது, அதுதான் வேல. அதுலயும் கடைசி நேரத்துல ஒருத்தர் வர்றதும் ஒருத்தர் போறதுமா மாத்தம் வரும் பாருங்க, அதுல எப்பேர்ப்பட்ட ஆளும் மாட்டிக்குவான். நான் மாட்டுனேன். முப்பது வருஷமா இதே வேலையப் பாத்தவன், நானே மாட்டுனேன்.

மதுர போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. சொல்லிர்றேன்.

என் பேரு குத்தூஸ். ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம், கடலோரத்துல எங்க ஊரு. கோரப்பாய்க் கட வச்சிருக்கேன். ஆனா ஊருக்குள்ள யாரும் என்னெப் பாய்க்கடக்காரன்னு சொல்ல மாட்டாங்க. நிக்காஹ் வச்ச வீட்டுல மொதல்ல பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட தேதி கேப்பாங்க, அடுத்தது எங்கிட்ட வருவாங்க. 'குத்தூஸ் காக்கா, பந்திய நீங்கதான் பாத்துக்கணும்.' சிரிக்காதீங்க, எங்க ஊர்ல அண்ணனக் காக்கான்னுதான் சொல்லுவோம்.

உங்க பக்கம் ஆளுக்கு ஒரு எலை. பக்கத்துல யாரு இருந்தா என்ன, அவங்க எலை அவங்களுக்கு. எங்க ஊர்ல அப்படி இல்ல. சஹன். இந்தா, இந்த சீட்டு அகலத்துக்கு வட்டமா பெரிய தட்டு. அத நடுவுல வச்சு நாலு பேரு தரையில சுத்தி உக்காரணும். நெய்ச்சோறு, அதுக்கு மேல கறி. நாலு கையும் ஒரே தட்டுல. ரெண்டே சட்டம்தான். நாலு பேரும் உக்காராம கை வைக்கக் கூடாது. கை வச்சிட்டா, கடைசி ஆளு தின்னு முடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. ஒருத்தர் எந்திரிச்சா மத்தவங்களும் கைய எடுத்துருவாங்க, பாதி வயித்தோட. அது பெரிய தப்பு.

இப்ப புரியுதா என் வேல? பேச்சுவார்த்த இல்லாத ரெண்டு பேரு ஒரே கல்யாணத்துக்கு வந்துட்டுப் போயிரலாம். ஒரே தட்டுல கைய வச்சு எப்படித் திங்கிறது? அதனால யாரு யாரோட பேசுறதில்ல, எத்தன வருஷமாப் பேசுறதில்ல, எல்லாம் எனக்கு அத்துப்படி. மோதினார் வீட்டுக்காரங்களுக்கும் மேலத்தெரு சீனி முகம்மது வீட்டுக்காரங்களுக்கும் இருபத்திரெண்டு வருஷமா ஆகாது. ஒரு ஆடு ஒரு முருங்கக்கன்னக் கடிச்சிருச்சு. இப்ப அந்த ஆடும் இல்ல, முருங்கையும் இல்ல. ஆனா ஒரு கல்யாணத்துல கூட நான் அவங்கள ஒரே வரிசையில வச்சதில்ல. என்னாலதான் தம்பி அந்த ரெண்டு வீடும் இத்தன வருஷமா நிம்மதியாப் பேசாம இருக்குது. அதுக்கெல்லாம் ஒரு தெறம வேணும்.

என் விஷயத்துக்கு வர்றேன்.

எனக்கு மூத்தவரு ஒருத்தர் இருக்காரு. சேகு நூர்தீன். ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க நாங்க மூணு பேரு. அவரு, நான், தங்கச்சி ஜுலைஹா. அவ அவரக் காக்கான்னும் என்னெ நானான்னும் கூப்புடுவா. அவரோட நான் பேசி ஒம்பது வருஷம் ஆச்சு. ஏன்னா சொல்றேன். எங்க வாப்பா மவுத்தானப்ப நான் திருவனந்தபுரத்துல யாவாரம் பாத்துக்கிட்டிருந்தேன். விடியக்காலையில, சுபுஹுத் தொழுக நேரத்துல உசுரு போயிருச்சு. போன் வந்ததும் கெளம்பிட்டேன். 'நான் வர்ற வரைக்கும் வைங்க'ன்னு சொன்னேன். 'சரிடா'ன்னாரு. நான் வந்து எறங்குனப்ப வாப்பாவ அடக்கிட்டு வந்து வாசல்ல பாய் விரிச்சு உக்காந்திருக்காரு. மூணு மணி நேரம் தம்பி. மூணே மணி நேரம் பொறுத்திருந்தா நான் மொகத்தப் பாத்திருப்பேன். கேட்டா, மழையாம், குழிக்குள்ள தண்ணி ஊறுச்சாம், ஹஜ்ரத்து எடுக்கச் சொன்னாராம். தண்ணி ஊறுனா ஒரு வாளிய வச்சு எறைக்க முடியாதா? அன்னைக்கு அவர்கிட்ட இத ஒண்ணுதான் கேட்டேன். அவரு பாயச் சுருட்டிக்கிட்டு உள்ள போயிட்டாரு. நானும் அதோட பேச்ச நிறுத்திட்டேன்.

நிறுத்துனா முழுசா நிறுத்தணும். எம் பொஞ்சாதிகிட்ட, தங்கச்சிகிட்ட, டீக்கடையில, பள்ளிவாசல்ல, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எம் முன்னாடி அவரு பேச்ச எடுக்கக் கூடாது. ஊரும் மரியாதையான ஊரு. ஒம்பது வருஷமா ஒருத்தர் எடுக்கல.

போன ரபியுல் அவ்வல் மாசத்துல ஜுலைஹா மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ள வீடு சென்னை. பந்தி என் பொறுப்பு, சொல்லணுமா? நாலு நாளு உக்காந்து எழுதுனேன். மொதல் பந்திக்கு அறுபது சஹன், கீழ் மண்டபம். ரெண்டாம் பந்தி மாடியில. அவரப் பொண்ணுக்குப் பெரிய மாமான்னு கூப்புடாம இருக்க முடியாது. சரின்னு மாடியில, ரெண்டாம் பந்தியில, ஓரமாப் போட்டேன். நான் கீழ. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. அப்படி எழுதுன எழுத்து.

அன்னைக்குக் காலையில ஆரம்பிச்சது பாருங்க. சென்னையிலருந்து ஒரு பஸ்சுன்னாங்க, பஸ்சுக்குப் பின்னாடியே ஒரு வேனும் வந்துச்சு. பதினேழு பேரு கூடுதல். நாலு நாலா வச்சா பதினாறு போகும், மிச்சம் ஒருத்தர எங்க வைக்கிறது? மாப்பிள்ளையோட ஆபீசு ஆளுங்க பத்துப் பேருக்குத் தனியா சைவ எலை போடச் சொல்லி வச்சிருந்தேன். அதுல ஆறு பேரு, 'எங்களுக்கும் சஹன்தான் வேணும்'னு பாய்ல உக்காந்துட்டாங்க, ஆசையா. அதுலயும் ரெண்டு கொறையுது. மவுத்து வீடு இருக்கு, வர மாட்டோம்னு சொன்ன மோதினார் வீட்டுக்காரங்க, நான் சீனி முகம்மது ஆளுங்கள உக்கார வைக்கிற நேரம் பாத்து வாசல்ல வந்து நிக்கிறாங்க. அவங்கள நிறுத்தி வச்சு பத்து நிமிஷம் கோரப்பாய் வெலையப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். எனக்கு வேற என்ன தெரியும்?

அப்பத்தான் ஜுலைஹா வர்றா.

"நானா, மூத்த காக்காவால மாடி ஏற முடியாது. கீழ மொதல் பந்தியில வச்சிருங்க."

"ஏன் முடியாது? தென்ன மரம் ஏறுன மனுசன்."

"அது வந்து நானா..."

"அவரு பேச்ச எங்கிட்ட எடுக்காதன்னு எத்தன தடவ சொல்றது? எங்க வேணாலும் வச்சுக்க. எங் கண்ணுல படாம வை."

அவ சரின்னு போயிட்டா. நான் அந்தப் பக்கம் திரும்பல. எனக்கு அன்னைக்கு ஆயிரம் வேல.

எல்லாரையும் உக்கார வச்சு, வரிச சரியா இருக்கான்னு கடைசியா ஒரு சுத்து வருவேன். அது என் பழக்கம். வந்தா, சொவரோர வரிசையில, சம்பந்தி சஹன்ல, மூணே பேரு. மாப்பிள்ளையோட வாப்பா, மாப்பிள்ளையோட பெரியாப்பா, அப்புறம் எங்க மூத்தவரு, ஜுலைஹா கொண்டு வந்து வச்சிருக்கா. சொவத்துல சாஞ்சு, வலது கையில துண்டப் போட்டுக்கிட்டு, பெரிய மாமா தோரணையில உக்காந்திருக்காரு. நாலாவது எடம் காலி. அங்க நான் வஜீர் சார உக்கார வச்சிருந்தேன், எங்க ஊரு பழைய ஹெட்மாஸ்டர். கேட்டா, ரயிலுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டாராம்.

நான் ஆளு தேடுறேன். எந்தப் பக்கம் பாத்தாலும் உக்காந்தவங்கதான். அறுபது சஹன்லயும் சோறு ஆறுது. இந்த ஒரு சஹனால ஹஜ்ரத்து பிஸ்மில்லாஹ் சொல்லாம காத்துக்கிட்டிருக்காரு. அப்ப சம்பந்தி என் கையப் புடிச்சாரு.

"நீங்கதானே பொண்ணுக்குச் சின்ன மாமா? வேற யாரத் தேடுறீங்க? உக்காருங்க."

"இல்லைங்க, எனக்குப் பந்தி வேல கெடக்கு."

"அட, உக்காருங்க மச்சான். நாங்க பசியோட இருக்கோம்."

இருநூத்தி நாப்பது கண்ணு என்னெப் பாக்குது. நானூத்தி எம்பதுன்னு வச்சுக்கங்க. சம்பந்தி கையப் புடிச்சு இழுக்குறப்ப மாட்டேன்னா பொண்ணு வாழப் போற எடத்துல என்ன நெனப்பாங்க? ஜுலைஹா பொம்பளைங்க பக்கத்துத் தெரைக்குப் பின்னாடி நிக்கிறது தெரியுது. உக்காந்தேன். அவருக்கு நேர் எதிர்ல. பிஸ்மில்லாஹ் சொல்லி நாலு கையும் தட்டுக்குள்ள போச்சு. முடிஞ்சுது தம்பி. இனிமே எந்திரிக்க முடியாது.

முப்பது வருஷமா ஒருத்தரையும் மாட்ட விடாம பாத்த நான், உள்ள மாட்டிக்கிட்டேன். தல குனிஞ்சு எம் பக்கத்துச் சோத்த மட்டும் பாத்துத் திங்கிறேன். அது எப்படி முடியும்? ஒரே தட்டு. அவரு கை வந்து வந்து போகுது. சோத்த அள்ளுறாரு, பாதி வழியிலேயே சிந்துது. விரிப்பெல்லாம் சோறு. வேணும்னே என்னெ அருவருக்க வைக்கிறாருன்னு நெனச்சேன். அப்புறம் ஒண்ணு செஞ்சாரு. பெரிய கறித்துண்டு ஒண்ண, எலும்போட, பிய்க்காம கொள்ளாம, விரலால தள்ளித் தள்ளி எம் பக்கம் விடுறாரு.

எங்க வழக்கம் சொல்றேன். சஹன்ல எதிர்ல இருக்குறவருக்கு மரியாத செய்யணும்னா, நல்ல கறியாப் பாத்து, எலும்ப எடுத்துட்டு, பிச்சு அவரு பக்கம் வைக்கணும். முழுசாத் தள்ளி விட்டா என்ன அர்த்தம்? நாய்க்குப் போடுற மாதிரி. நான் அத அவரு பக்கமே திருப்பித் தள்ளிட்டேன். அவரு மறுபடியும் எம் பக்கம் தள்ளுறாரு. நான் அந்தப் பக்கம். சம்பந்தி ரெண்டு பேரும் சோத்த விட்டுட்டு எங்களப் பாக்குறாங்க. மூணாவது தடவ அந்தக் கறி சறுக்கி, கொழம்போட எஞ் சட்டையில விழுந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"சிந்தாம திங்கத் தெரியாதா?"

சத்தமாத்தான் சொல்லிட்டேன். ஒம்பது வருஷத்துக்கு அப்புறம் அவரப் பாத்து நான் சொன்ன மொத வார்த்த அது. பக்கத்து வரிசையெல்லாம் கை நின்னு போச்சு. அவரு கைய மடியில வச்சுக்கிட்டாரு. அவரு மகன் அஜ்மல், தால்சா ஊத்திக்கிட்டு வந்தவன், வாளியக் கீழ வச்சுட்டு எம் பக்கத்துல குனிஞ்சான்.

"சாச்சா, வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆச்சு. வலது கையில பிய்க்கிற பலம் இன்னும் வரல. எடது கையால சாப்புடவும் மாட்டேங்குறாஹ. இந்த எட்டு மாசத்துல வெளிய வந்து கை நனைக்கிறது இன்னைக்குத்தான்."

எட்டு மாசம். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? ஊர்ல யாரு வீட்டுப் பூன குட்டி போட்டாலும் எனக்குத் தெரியும். இத ஒருத்தன் எங்கிட்ட சொல்லல. டீக்கடையில சொல்லல, பள்ளிவாசல்ல சொல்லல. எம் பொஞ்சாதி நாலு தடவ போய்ப் பாத்துட்டு வந்திருக்கா. எங்க போனன்னு கேட்டா 'சொந்தக்காரங்க வீட்டுக்கு'ம்பா, நானும் எந்தச் சொந்தம்னு கேக்கல. பேச்ச எடுக்கக் கூடாதுன்னு சொன்னா, இப்படியா ஊரே சேந்து வாய மூடும்? எனக்கு அந்த எடத்துல ஊரு மேல வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல.

ஆத்திரத்தோட அந்தக் கறிய எடுத்தேன். பிச்சேன். எலும்பத் தனியா வச்சேன். சின்னச் சின்னதா, சோத்தோட பெசஞ்சு, அள்ளுனா கையில நிக்கிற மாதிரி ஒரு ஓரத்துல அமுக்கி அவரு பக்கம் வச்சேன். அவரு மொகத்தப் பாக்கல. அந்தக் கை மட்டும் மெதுவா வந்து எடுத்துச்சு. இந்தத் தடவ சிந்தல. இன்னொரு துண்ட எடுத்துப் பிச்சேன். மறுபடி கை வந்துச்சு.

சம்பந்திங்க தின்னு முடிச்சுட்டாங்க. பக்கத்து வரிசையெல்லாம் எந்திரிச்சாச்சு. மாடியும் நெறஞ்சு போய், அடுத்த பந்திக்கு ஆளு வாசல்ல நெருக்குது. வழக்கமா இந்த நேரத்துல நான்தான் பந்திக்குள்ள நின்னு கைய கழுவுங்க, கைய கழுவுங்கன்னு விரட்டுவேன். இப்ப ஒருத்தன் வந்து, "காக்கா, இந்தச் சஹன எடுத்துரவா?"ன்னு எங்கிட்டயே கேக்குறான். "இங்க ஆளு தின்னுக்கிட்டிருக்குறது கண்ணுக்குத் தெரியலையா?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஓடிட்டான். அந்தப் பெரிய மண்டபத்துல எங்க சஹன் ஒண்ணுதான் மிச்சம். அவரு நல்லாப் பசியோட சாப்புட்டாரு தம்பி. அவ்வளவு பசியோட ஒரு மனுசன் சாப்புட்டு நான் பாத்ததில்ல.

இதோட முடிஞ்சிருந்தா, சரி, கடைசி நேர மாத்தம், யாரு மேலயும் தப்பில்லன்னு விட்டுருப்பேன். எந்திரிச்சு சட்டையக் கழுவிட்டு மாடிக்குப் போறேன், ரெண்டாம் பந்தி நடக்குது. மூணாவது வரிசையில, அசையாம உக்காந்து நெய்ச்சோறு தின்னுக்கிட்டிருக்காரு வஜீர் சார்.

"சார், ரயில் என்னாச்சு?"

மனுசன் வாயில சோத்தோட முழிக்கிறாரு. வாத்தியாராச்சே, பொய் வராது.

"மன்னிச்சுக்கங்க குத்தூஸ். நூர்தீன்தான் என்னெ எந்திரிக்கச் சொன்னாரு. சம்பந்திகிட்டயும் அவருதான் உங்களக் காட்டி, அதோ போறான் பாருங்க எந் தம்பி, அவனக் கூப்புட்டு உக்கார வைங்கன்னு சொன்னாரு."

எப்படி இருக்கும் எனக்கு? நான் நாலு நாளு உக்காந்து எழுதுன பந்தியில, சொவத்துல சாஞ்ச எடத்துலருந்தே ஒரு ஆளக் கெளப்பி விட்டு, ஒரு ஆள உக்கார வச்சு, என்னெச் சிக்க வச்சிருக்காரு. விடுவிடுன்னு கீழ எறங்குனேன். வாசல்ல நாற்காலியில உக்காந்திருந்தாரு, காருக்காக. அஜ்மல் செருப்பு மாட்டி விட்டுக்கிட்டிருந்தான். நேராப் போய் நின்னேன்.

"எதுக்கு வஜீர் சார எந்திரிக்கச் சொன்னீங்க? எத்தன பேரு இருக்காங்க மண்டபத்துல. பிச்சுப் போட வேற ஆளு இல்லையா?"

என்னெ நிமுந்து பாத்தாரு. வாய் கொஞ்சம் கோணி இருந்துச்சு. பேச்சு இழுத்து இழுத்து வந்துச்சு.

"இருக்காங்கடா. மத்தவங்க பிச்சுப் போட்டா எனக்கு வெக்கமா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாரு. கார் வந்துச்சு, ஏறிப் போயிட்டாரு. நான் செருப்பு விடுற எடத்துல எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. ஜுலைஹா வந்து ஏன் நானா அழுவுறீங்கன்னு கேட்டா. சட்டையில கறி ஆயிருச்சுன்னேன்.

அதனாலதான் சொல்றேன், உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு யாரு யாரோட பேசுறதில்லன்னு இப்பவே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க. கடைசி நேரத்துல யாரு எந்திரிச்சுப் போனாலும் அந்த எடத்துல நீங்க மட்டும் உக்காந்துராதீங்க. உக்காந்தா வெளிய வர முடியாது.

இப்ப அவரோட பேசுறீங்களான்னு கேக்குறீங்க. எங்க பேசுறது? வாப்பா மொகத்த எனக்குக் காட்டாம அடக்குனது அப்படியேதான் இருக்கு. அத நான் விடல, விடவும் மாட்டேன். வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சதும் அவரு வீட்டுக்குப் போறேன், எதிர்ல உக்காருறேன், கறியப் பிச்சு அவரு பக்கம் வைக்கிறேன், கைய கழுவி விடுறேன், வந்துர்றேன். போன மாசத்துலருந்து செவ்வாக்கிழமையும் போறேன். கோவம் கோவமாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்த ரெண்டு நாளும் நான் போய் உக்காராம அவரு தட்டுல கை வைக்க மாட்டேங்குறாரு. என்னெ என்ன செய்யச் சொல்றீங்க.